அறுந்த குழாயும் ஆறு மணி நேரமும்

1997 ஆகஸ்ட் 31, நள்ளிரவு தாண்டி 23 நிமிடம். பாரிஸ் நகரின் அல்மா பாலத்தை ஒட்டிய சுரங்கப்பாதையில் ஒரு மெர்சிடிஸ் கார் தூணில் மோதியது. உள்ளே நான்கு பேர். ஓட்டிவந்த ஆன்ரி போலும் பின்னிருக்கையில் இருந்த டோடி ஃபாயத்தும் அங்கேயே இறந்தார்கள். இளவரசி டயானா அதிகாலை 4 மணிக்கு மருத்துவமனையில் இறந்தார். பிழைத்தவர் மெய்க்காவலர் மட்டும்.

துரத்திவந்த புகைப்படக்காரர்கள், ஓட்டுநர் குடித்திருந்தது, சதி என்று கிளம்பிய கதைகள் எல்லாம் ஊரறிந்தவை. மருத்துவக் குறிப்புகளில் இருந்தது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. முதுகெலும்பு முறிவோடு, ஆன்ரி போலுக்கும் டோடிக்கும் பெருந்தமனி ஒரே இடத்தில் அறுந்திருந்தது. டயானாவுக்கு நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் இடது மேல் சிரை, இதயத்தோடு சேரும் இடத்தில் கிழிந்திருந்தது. ஒரே கார், ஒரே மோதல், மூன்று சாவு. மூன்றிலும் மார்புக்குள் ஒரு ரத்தக்குழாய் அறுந்திருந்தது.

கார் விபத்து என்றால் நம் மனம் முதலில் மண்டையையும் எலும்பையும்தான் நினைக்கிறது. எலும்பு முறிவு எக்ஸ்ரேயில் தெரியும். தலைக்காயத்தில் ஆள் மயங்கிக் கிடப்பார். உள்ளே ரத்தக்குழாய் கிழிந்தவர் பல நேரம் பேசிக்கொண்டே இருப்பார், தண்ணீர் கேட்பார், வீட்டுக்கு போன் போடச் சொல்வார். அந்த நேரத்தில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ரத்தக்குழாய்க் காயச் சிகிச்சையின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்குப் பட்டது இதுதான்: ரத்தக்குழாயைச் சரிசெய்யும் வித்தை நம்மிடம் வந்து வெகுகாலமாகிவிட்டது. காயம் பட்டவர் உரிய நேரத்துக்குள் அந்த வித்தை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வதுதான் இன்னும் கைகூடவில்லை.

பெருந்தமனி ஏன் பெரும்பாலும் ஒரே இடத்தில் அறுகிறது? இதயத்திலிருந்து கிளம்பி வளைந்து கீழிறங்கும் அந்தக் குழாயின் வளைவுப் பகுதி ஓரளவு சுதந்திரமாக அசையும். கீழிறங்கும் பகுதியோ முதுகுப்புறச் சுவரோடு கட்டுண்டு கிடக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடுக்குதான் இலக்கு. சடன் பிரேக் போட்ட பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்து நிற்பவரின் கை அங்கேயே நிற்க, உடல் முன்னே பாயும்போது தோள்பட்டை இழுபடுகிறதே, அதுபோல அசையும் பகுதி முன்னே போக, அசையாத பகுதி பின்னே நிற்க, நடுவில் குழாய் கிழிகிறது. மார்பெலும்புக்கும் முதுகெலும்புக்கும் இடையில் குழாய் நசுங்குவதுதான் காரணம் என்பவர்கள் உண்டு. மோதலில் குழாய்க்குள் ரத்த அழுத்தம் சட்டென்று எகிறுவதைச் சொல்பவர்களும் உண்டு. மூன்றுமே ஓரளவு சேர்ந்து வேலை செய்கின்றன என்று கொள்வதுதான் நியாயம். ஏனென்றால் நேருக்கு நேர் மோதலில் மட்டுமல்ல, பக்கவாட்டில் அடிபட்ட கார்களிலும் இந்தக் காயம் கணிசமாக வருகிறது.

கார் வருவதற்கு முன்பே இது தெரிந்த காயம்தான். குதிரையிலிருந்து தூக்கியெறியப்பட்ட ஒருவருக்குப் பெருந்தமனி கிழிந்ததை உடற்கூறியலாளர் வெசேலியஸ் 1557-லேயே பதிவு செய்திருக்கிறார். ஆனால் அதை அன்றாடச் சாவாக்கியது மோட்டார் வாகனம். 1958-ல் அமெரிக்காவில் பார்ம்லி குழுவினர் வெளியிட்ட பிரேதப் பரிசோதனை ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. இப்படி அறுந்த 275 பேரில் சிறிது காலமாவது உயிரோடு இருந்தவர்கள் 38 பேர் மட்டுமே. மற்றவர்களுக்கு ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. இந்த 38 பேர் எப்படித் தப்பினார்கள் என்பதில்தான் சிகிச்சையின் திறவுகோல் இருக்கிறது. தமனிச் சுவருக்கு மூன்று அடுக்கு. உள்ளடுக்கும் நடு அடுக்கும் கிழிந்தாலும், வெளியடுக்கு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து ரத்தத்தை உள்ளேயே தேக்கிவைக்கும். அந்தக் கொஞ்ச நேரம் சில மணியாக இருக்கலாம், சில நாளாகவும் இருக்கலாம்.

டயானாவின் காயம் இதிலிருந்து வேறுபட்டது. சிரையில் அழுத்தம் குறைவு. ரத்தம் பீறிடாமல் மெல்லக் கசியும். அதனால்தான் விபத்து நடந்த பிறகும் அவர் நினைவோடு இருந்தார். சுமார் 1 மணிக்குக் காரிலிருந்து வெளியே எடுத்தபோது இதயம் நின்றது, அங்கேயே மீட்டார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பியது 1.41-க்கு. மருத்துவமனை வாசலைத் தொட்டது 2.06-க்கு. சம்பவ இடத்திலேயே மருத்துவர் நின்று சிகிச்சை தருவது பிரான்ஸ் வழக்கம். அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடுவது அமெரிக்க வழக்கம். எது சரி என்ற விவாதம் அன்று வெடித்தது, இன்றும் முழுதாக ஓயவில்லை. மாரடைப்புக்குப் பிரெஞ்சு முறையில் நியாயம் உண்டு. உடலுக்குள் ரத்தம் கசிகிறது என்றால், கத்தியும் நூலும் இருக்கும் மேஜைக்குப் போவதைத் தவிர வேறு மருந்து கிடையாது என்பதே என் கணிப்பு. இருந்தாலும், அந்த இடத்தில் சிரை கிழிந்தவர்கள் பிழைப்பது எங்குமே அபூர்வம் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். பிரிட்டனின் தடயவியல் மருத்துவர் ரிச்சர்ட் ஷெப்பர்ட் விவாதத்தை வேறு பக்கம் திருப்பினார்: சீட் பெல்ட் போட்டிருந்தால் டயானா அநேகமாகப் பிழைத்திருப்பார் என்று எழுதினார். அந்தக் காரில் யாருமே பெல்ட் போடவில்லை என்பது பிரிட்டிஷ் போலீஸ் விசாரணையின் முடிவு. பின்சீட்டுக்கு பெல்ட் எதற்கு என்று கேட்பவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த காரிலும், பின்னால் இருந்த இருவரும் பெல்ட் போடவில்லை என்றுதான் போலீஸ் சொன்னது.

உயிரோடு வந்து சேரும் பெருந்தமனி நோயாளிக்கு இன்று கிடைக்கும் சிகிச்சை, இந்தத் துறையின் பெரிய வெற்றிக் கதை. பழைய முறையில் இடது மார்பைத் திறந்து, பெருந்தமனியைக் கிடுக்கி போட்டு அடைத்து, கிழிந்த பகுதியை வெட்டி, செயற்கைக் குழாய் வைத்துத் தைப்பார்கள். அடைத்திருக்கும் அந்த நிமிடங்களில் தண்டுவடத்துக்கு ரத்தம் போகாது. உயிர் பிழைத்தவர் இடுப்புக்குக் கீழே செயலற்று எழுந்த கதைகள் ஏராளம். 1987-ல் அன்றைய சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிக்கோலாய் வொலோதோஸ் என்ற மருத்துவர், காயத்தால் பெருந்தமனியில் வந்த வீக்கத்துக்கு மார்பைத் திறக்காமல், குழாய் வழியாகவே துணி போர்த்திய ஸ்டென்ட்டைக் கொண்டுபோய்ப் பொருத்தினார். மேற்குலகம் அதைக் கவனிக்க நாளானது. 1990-ல் புவேனஸ் ஐரஸில் ஹுவான் பரோதி வயிற்றுப் பெருந்தமனியில் இதைச் செய்த பிறகுதான் முறை பரவியது.

இந்த மாற்றத்தின் பலனை இரண்டு அமெரிக்க ஆய்வுகளை அருகருகே வைத்தால் பார்த்துவிடலாம். 1997-ல் பல மருத்துவமனைகள் சேர்ந்து 274 நோயாளிகளைத் தொகுத்தபோது இறப்பு 31 சதவீதம். அறுவைக்குப் பின் கால்கள் செயலிழந்தவர்கள் 8.7 சதவீதம். 2008-ல் வெளியான அடுத்த தொகுப்பில் 193 பேர். மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஸ்டென்ட். இறப்பு 13 சதவீதம், கால் செயலிழப்பு 1.6 சதவீதம். பத்தாண்டில் இப்படி ஒரு இறக்கம் அறுவை மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதில்லை. இன்னொரு மாற்றமும் சத்தமில்லாமல் நடந்தது. முன்பு கண்டுபிடித்த உடனே மேஜையில் ஏற்றுவார்கள். இப்போது மருந்து கொடுத்து நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் தாழ்த்தி வைத்து, தலையிலும் வயிற்றிலும் உள்ள அவசரக் காயங்களை முதலில் கவனித்துவிட்டு, பெருந்தமனிக்கு ஒரு நாள் கழித்துக்கூட வருகிறார்கள். உள்ளடுக்கில் மட்டும் சிறு கீறல் என்றால் ஸ்டென்ட்கூட வேண்டாம். மருந்தும் மறு ஸ்கேனும் போதும். இதையெல்லாம் சாத்தியமாக்கியது சில நொடியில் உடல் முழுவதையும் படம்பிடிக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம்.

கழுத்துக் குழாய்களின் கதை இதைவிட வஞ்சகமானது. மோதலில் தலை பின்னே மடங்கித் திரும்பும்போது, கழுத்தின் பக்கவாட்டுத் தமனி கழுத்தெலும்பின் மேல் இழுபட்டு உள்ளடுக்கில் கீறல் விழும். கழுத்தெலும்புத் துளைகளுக்குள் ஓடும் பின்பக்கத் தமனிகள், எலும்பு முறிந்தால் கூடவே அடிபடும். கீறிய இடத்தில் ரத்தம் உறைந்து, துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அது விபத்து நடந்த உடனே வராது. பல மணி நேரம் கழித்து, இரண்டு மூன்று நாள் கழித்துக்கூட வரும். கையில் சிராய்ப்போடு வீடு திரும்பிய முப்பது வயதுக்காரர் மறுநாள் காலை வாய் கோணி விழுந்தால், அதை முந்தைய நாள் விபத்தோடு யார் முடிச்சுப் போடுவார்கள்? 1990-களில் அமெரிக்காவின் டென்வரிலும் மெம்பிஸிலும் மருத்துவர்கள் அறிகுறி வருமுன்பே தேடிப்பிடிக்கத் தொடங்கினார்கள். கழுத்தெலும்பு முறிவு, முகத்தின் நடு எலும்புகள் நொறுங்கியது, மண்டையின் அடித்தள முறிவு ஆகியவை இருந்தால் கழுத்துக்கும் சேர்த்து ஸ்கேன். கீறல் தெரிந்தால் ஆஸ்பிரினோ ஹெப்பாரினோ கொடுத்துப் பக்கவாதத்தைத் தடுப்பது. மருந்து மலிவு; தேடும் பழக்கம்தான் அரிது. கழுத்தில் சீட் பெல்ட் பதித்த சிவப்புத் தடம் இருந்தாலும் மருத்துவர் கவனிக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு பெல்ட்டே ஆபத்து என்று யாரும் கழற்றிவிட வேண்டாம். பெல்ட் கீறும் கழுத்துகளைவிட அது காப்பாற்றும் மார்புகள் பல மடங்கு அதிகம்.

வயிற்றில் குடலுக்குப் போகும் குழாய்கள் அறுவதும், கல்லீரலும் மண்ணீரலும் கிழிவதும் தனிக் கட்டுரைக்கு உரியவை. இடுப்பெலும்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது உடைந்து விரிந்தால் உள்ளிருக்கும் சிரைக் கூட்டம் கிழிந்து, வெளியே ஒரு சொட்டுத் தெரியாமல் லிட்டர் கணக்கில் ரத்தம் தேங்கும். பெரியவர் உடலில் மொத்த ரத்தமே ஐந்து லிட்டர்தான். மடித்த போர்வையைத் தொடை எலும்பு இடுப்போடு சேரும் மட்டத்தில் இறுக்கிக் கட்டினால் அந்த விரிவு குறையும், கசிவும் மட்டுப்படும். அதற்கென்றே பட்டைகள் விற்கின்றன. துணியும் அதே வேலையைச் செய்யும்.

இனி நம் சாலைக்கு வருவோம். 2022-ல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள். இறந்தவர்கள் 1,68,491 பேர். நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105. இந்தியா முழுக்க இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள். கார் மோதுகிறது, அடி வாங்குவது பைக்கில் வந்தவரும் நடந்து போனவரும். காரின் முன் பம்பர் அவர்களைத் தொடும் உயரம் முழங்கால். ஆகவே மேலைநாட்டுப் புத்தகங்களில் பெருந்தமனி பிடித்திருக்கும் இடத்தை, நம் ஊர் அவசரப் பிரிவில் முழங்காலின் பின்பக்கத் தமனி பிடித்திருக்கிறது.

அந்தத் தமனிக்கும் பெருந்தமனியின் அதே சாபம்தான். மேலே தொடைத்தசையின் ஒரு துளையிலும், கீழே கெண்டைத்தசையின் ஒரு வளைவிலும் கட்டுண்டு, நடுவில் முழங்கால் மூட்டை ஒட்டிப் போகிறது. மூட்டு பிசகினாலோ, மூட்டுக்குக் கீழே எலும்பு நொறுங்கினாலோ இழுபட்டுக் கிழியும். மாற்றுப் பாதையாக இருக்கும் சிறு குழாய்கள் பலவீனமானவை. காலைக் காப்பாற்ற அவை போதாது. முழங்கால் மூட்டு முழுதாகப் பிசகியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்தத் தமனி அடிபடுகிறது. இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. பிசகிய மூட்டு, தூக்கி ஆம்புலன்ஸில் வைக்கும்போதே தானாகத் திரும்பி உட்கார்ந்துவிடலாம். எக்ஸ்ரே எடுத்தால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும். கால் மட்டும் உள்ளே செத்துக்கொண்டிருக்கும்.

ரத்தம் போகாத தசையும் நரம்பும் சுமார் ஆறு மணி நேரம் தாங்கும். அது கல்லில் செதுக்கிய எல்லையல்ல. நொறுங்கிய காலுக்கு இன்னும் குறையும். ஆனாலும் உலகம் முழுக்க இந்தக் கணக்கைத்தான் நம்புகிறார்கள். காலைக் காப்பதா எடுப்பதா என்று முடிவுசெய்ய 1990-ல் சியாட்டிலில் உருவான மதிப்பெண் முறையில், ரத்த ஓட்டமின்மைக்கான மதிப்பெண் ஆறு மணி நேரம் கடந்தால் இரட்டிப்பாகும். கோவை கங்கா மருத்துவமனையின் ராஜசேகரன் குழுவினர் 2006-ல் வெளியிட்ட மதிப்பெண் முறை இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. தோல், எலும்பு, தசை என்று பிரித்து எடைபோடும் அந்த முறை, ரத்தக்குழாய் தப்பிய கால்களை வைத்து உருவாக்கப்பட்டது. குழாயும் அறுந்துவிட்டால் கணக்கே வேறு.

நேரம்தான் தீர்மானிக்கிறது என்பதைப் போர்க்களங்கள் எப்போதோ காட்டிவிட்டன. அதற்கு முன், தைக்கும் முறை எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம். 1894-ல் பிரெஞ்சு அதிபர் சாதி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு, ஈரலுக்குப் போகும் சிரை அறுந்து இறந்தார். அறுந்த குழாயைத் தைக்க அன்று யாருக்கும் தெரியாது. அதே ஊரில் மருத்துவம் பயின்ற அலெக்சிஸ் காரெல், எம்பிராய்டரி வேலை செய்யும் ஒரு பெண்மணியிடம் நுண்ணிய ஊசியும் நூலும் பிடிக்கக் கற்று, குழாயைக் குழாயோடு தைக்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். 1912-ல் நோபல் பரிசும் பெற்றார். ஆக, முறை கைக்கு வந்துவிட்டது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் தமனி அறுந்த 2,471 அமெரிக்க வீரர்களைப் பற்றி மருத்துவர்கள் டிபேக்கியும் சிமியோனும் 1946-ல் எழுதிய அறிக்கையைப் பாருங்கள்: தைத்துச் சரிசெய்யப்பட்டவர்கள் 81 பேர் மட்டுமே. மற்றவர்களுக்கு உயிரைக் காக்கக் குழாயைக் கட்டிவிட்டார்கள். முழங்கால் பின்தமனி அறுந்தவர்களில் 100-க்கு 72 பேருக்கு மேல் காலை இழந்தார்கள். மருத்துவர் கைக்கு வந்துசேரும்போதே நேரம் கடந்திருந்தது. அடுத்து வந்த கொரியப் போரில் ஹெலிகாப்டர் வந்தது, களத்துக்கு அருகிலேயே அறுவை முகாம் வந்தது. தமனி காயங்களில் உறுப்பு இழப்பு மொத்தத்தில் 13 சதவீதமாக இறங்கியது. காரெலின் ஊசி அதே ஊசிதான்.

இன்றைய அறுவையைக் கிட்டே போய்ப் பார்த்தால், அதில் பாதி நேரத்தோடு நடக்கும் பேரம் என்பது புரியும். எலும்பை முதலில் நிறுத்துவதா, குழாயை முதலில் தைப்பதா? எலும்பு ஆடினால் தையல் பிரியும். எலும்புக்காகக் காத்திருந்தால் தசை சாகும். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. அறுந்த இரு முனைகளுக்கும் நடுவே ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயைச் செருகி ரத்தத்தை ஓடவிடுவார்கள். பாதம் சூடேறும். எலும்பு மருத்துவர் நிதானமாகக் கம்பி பூட்டுவார். பிறகு ரத்தநாள நிபுணர், நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாயை விட்டு உறைந்த ரத்தத்தை இழுத்து எடுப்பார். அடிபடாத மறுகாலின் தோலுக்கடியில் ஓடும் நீளச் சிரையில் ஒரு துண்டை வெட்டி, தலைகீழாகத் திருப்பித் தைப்பார். சிரைக்குள் வால்வுகள் உண்டு. திருப்பி வைக்காவிட்டால் ரத்தத்தை அவை மறித்துவிடும். கடைசியாகக் கெண்டைக்காலின் தசை உறைகளை நீளவாக்கில் திறந்துவிடுவார்கள். நெடுநேரம் பட்டினி கிடந்த தசை, ரத்தம் திரும்பியதும் வீங்கித் தன் உறைக்குள்ளேயே நசுங்கிப்போகும் என்பதுதான் காரணம். அந்த நீளக் காயத்தைப் பார்த்துப் பதறாத உறவினர்கள் குறைவு. காலைக் காப்பாற்றியது பெரும்பாலும் அந்தக் காயம்தான்.

இத்தனைக்கும் தொடக்கம் ஒரு விரல். பாதத்தின் மேற்புறத்திலும், உட்கணுக்காலுக்குப் பின்னாலும் நாடி துடிக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது. துடிப்பு இல்லை, கால் சில்லிட்டிருக்கிறது, காயத்திலிருந்து ரத்தம் குபுகுபுவென்று அடிக்கிறது, வீக்கம் கண்முன்னே பெருகுகிறது என்றால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. சந்தேகமான கால்களுக்கு, ரத்த அழுத்தக் கருவியின் பட்டையைக் கணுக்காலில் சுற்றி, கையடக்க டாப்ளர் வைத்து அழுத்தம் பார்த்து, கையின் அழுத்தத்தால் வகுக்க வேண்டும். 0.9-க்குக் கீழே இறங்கினால் ஆஞ்சியோகிராம். தாலுகா மருத்துவமனையிலும் இரண்டு நிமிடத்தில் முடியும் சோதனை இது. நாடி ஓரளவு தட்டுப்படுகிறது என்பதற்காகக் குழாய் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உள்ளடுக்குக் கீறல் சில மணி கழித்து அடைக்கலாம். ஒருமுறை பார்த்துக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு நகர்வது போதாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

சாலையோரத்தில் நாம் நல்லெண்ணத்தோடு செய்யும் சில காரியங்கள் இந்த நேரத்தைத் தின்கின்றன. காயத்தில் காப்பித்தூள் அப்புவது ரத்தத்தை நிறுத்தாது. சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் விடாமல் அழுத்துவது நிறுத்தும். கண்ட கயிற்றால் தொடையில் இறுக்கக் கட்டினால் சிரை மட்டும் அடைபட்டு ரத்தப்போக்கு கூடலாம், நரம்பும் நசுங்கலாம். கை அழுத்தத்துக்கு அடங்காமல் பீறிட்டால் மட்டும் அகலமான பட்டையால் கட்டி, கட்டிய நேரத்தைக் குறிக்க வேண்டும். சோடா உடைத்துக் கொடுப்பது நம் ஊர் மனிதாபிமானம். மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும் ஆபத்து அதில் உண்டு. மடங்கிய காலை நீவி நேராக்க முயல்வதும், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய நாட்டுக்கட்டோடு இரண்டு நாள் வீட்டில் படுப்பதும் இன்னும் மோசம். விரல்கள் கறுத்த பிறகு அவிழ்த்தால், எடுப்பதற்குத்தான் கால் மிச்சமிருக்கும்.

அரசு தரப்பில் நடந்திருப்பவை குறைவல்ல. தமிழ்நாட்டில் 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தனியார் மருத்துவமனைகளிலும் இலவசமாக்கியது. அடிபட்டவரைக் கொண்டுவந்து சேர்ப்பவரைப் போலீசும் மருத்துவமனையும் அலைக்கழிக்கக்கூடாது என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஏ பிரிவு சொல்கிறது. பணத்தையும் பயத்தையும் இவை குறைத்தன. மிச்சமிருப்பது இடமாற்றத்தில் கரையும் நேரம். முதல் மருத்துவமனையில் எக்ஸ்ரே, கட்டு. அடுத்ததில் எலும்பு மருத்துவர், ‘பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க’ என்ற சீட்டு. மூன்றாவதில்தான் ரத்தநாள நிபுணர். வழியிலேயே ஆறு மணி தீர்ந்துவிடும். எல்லா ஊரிலும் நிபுணரை உட்கார வைக்க முடியாது என்பது உண்மை. ஆனால் முதல் மருத்துவமனையிலேயே நாடி பார்க்கப்பட்டு, அது இல்லை என்றால் நடுவில் எங்கும் நிற்காமல் நேராக மூன்றாவது இடத்துக்கு அனுப்பவும், போகும் முன்பே அங்கே போன் போகவும் முடியும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். உத்தரவும் பழக்கமும் போதும்.

வாசகர்களிடம் கேட்பது இரண்டே காரியம். விபத்தில் கை காலில் அடிபட்டவரோடு போனால், விபத்து எத்தனை மணிக்கு நடந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, பார்க்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும் அதைச் சொல்லுங்கள். கட்டுப் போடுவதற்கு முன் ஒருமுறை, போட்ட பின் ஒருமுறை, ‘டாக்டர், பாதத்தில் நாடி இருக்கிறதா?’ என்று கேளுங்கள்.